மறுபடியும் ஆடலாமா? – மீள்வினா இயல்

பைதான் படிக்கத் தொடங்கியவர்கள் முதல் வாரத்தில் எழுதும் விளையாட்டு ஒன்று உண்டு. கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் ஊகிக்க, 'கூட', 'குறைச்சல்' என்று சொல்லும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழு ஊகத்துக்குள் எண் அகப்பட்டாக வேண்டும். அகப்பட்ட பின் என்ன செய்வது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்களம், அக்கா வீட்டுக் கூடம். மூலபாடம், ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் எழுதிய நிரல். காலம், இரவுத் தோசை நேரம்.

"மாமா, இப்ப அதுவே மறுபடி ஆடலாமான்னு கேக்கும்" என்றான். ஏழாவது ஊகத்தில் 37 என்று கண்டுபிடித்தேன். அடுத்த ஆட்டத்தில் சும்மா 37 என்றே அடித்தேன். "சரி! 8 முயற்சிகள்" என்றது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ராண்டின்ட் வரியும் முயற்சிக் கணக்கும் வைல் சுழலுக்கு வெளியே, திண்ணையில் உட்கார்ந்திருந்தன. இரண்டையும் உள்ளே கூப்பிட்டு நாலு இடைவெளி தள்ளி உட்கார வைத்தான். முதற்பிழை நீங்கிற்று.

இரண்டாம் பிழையே இவ்வியலின் உயிர். "ஆடலாமா?" என்றதற்கு "வேண்டாம்" என்றேன். புது ஆட்டம் வந்தது. "போதும்" என்றேன். வந்தது. "ஆளை விடு" என்றும் அடித்துப் பார்த்தேன். கடைசியில் கண்ட்ரோல் சி அழுத்தித்தான் தப்பித்தேன். பைதான் 3 தமிழில் மாறிப்பெயர் வைக்க விடுவதால் சூத்திரம் இப்படி இருந்தது: இஃப் பதில் == "ஆம்" ஆர் "சரி". ஆசிரியன் கருத்து, பதில் ஆம் அல்லது சரி என்றால் ஆடு என்பது. பைதானோ வேறு உரை கொள்ளும்: பதில் "ஆம்" ஆயின் ஆடு, அன்றேல், "சரி" என்னும் சொல் வெறுமையாக இல்லாத வரை ஆடு. அச்சொல் வெறுமையாக ஒருநாளும் இராது. பதிலை அங்கே யாரும் பார்க்கவே இல்லை.

"இன்னொரு தோசை வைக்கவாடா?"

"போதும்க்கா."

மூன்றாவது தோசை தட்டில் விழுந்தது. இதனை மேற்கோளாகக் கொள்க.

திருத்தம் எளிது: ஆர் பதில் == "சரி" என்று பதிலை மறுபடி விசாரிக்க வேண்டும், அவ்வளவே. ஆட்டம் முடிந்ததும் செயற்கூறு தன்னையே அழைத்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். அவ்வழியில், வழக்கமான வரம்புப்படி, ஆயிரம் அழைப்பை நெருங்கும்போது நிரல் மூச்சுத்திணறி விழும். ஆயிரம் ஆட்டம் யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்ததில்லை.

திருத்திய நிரலிடம் "வேண்டாம்" என்றேன். அடங்கியது. பையன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அம்மாவுக்கு எங்க மாமா பிரேக் போடணும்?" என்றான். அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நான்காவது தோசையில் நெய் வேறு.