எட்டாம் நம்பர் சப்பாத்து

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் கூத்துவில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று நான் மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மேலேயிருந்து ஒரு பையன் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துவிட்டான். "சூப்பர் அங்கிள்! இந்த வயசிலயும் ஏறுறீங்களே!" அன்று மாலைக்குள் அது ஊரைச் சுற்றி எங்கள் புலனக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. பின்னணியில் வீரப் பாட்டு. முன்னணியில் என் தொப்பை. குழுவில் இருந்த அத்தனை பேரும் அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மையாகப் போட்டிருந்தார்கள், துக்கச் செய்திக்குப் போடுவதுபோல.

அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கும். அவனும்தான் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டான். அவனை யாரும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கினால் உடற்பயிற்சி, எனக்கு வாங்கினால் உத்வேகமாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நீங்களும் இப்படி ஒரு குழுவில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மறைக்க வேண்டாம். எந்த மலை, எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்று கல்யாணப் பந்தியில் யாரும் கேட்காமலே சொன்னவர் நீங்கள்தான். உச்சிப் பலகைக்குப் பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் இப்போது உங்கள் முகப்புப் படம். முன்பெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை போட்டார்கள். இப்போது மலையேறுகிறார்கள். கோயிலுக்கு நல்லதுதான்.

இதில் கோலசிலாங்கூர்க்காரனுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம். ஊரில் மலை கிடையாது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா வரைக்கும் செம்பனை. நாட்டிலேயே முதன்முதலில், 1917இல், வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது நம்முடைய தென்னமரம் தோட்டத்தில்தான் என்று பெருமை பேசலாம். ஏறி நின்று படம் எடுக்க முடியாது. சொல்லிக்கொள்ளும்படி இருப்பது புக்கிட் மெலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய குன்று, 1907இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் எல்லாம் உண்டு. ஆனால் உச்சிக்கு டிராம் வண்டி போகிறது. கைக்குழந்தைக்காரர்கள் ஐஸ்கிரீமும் குரங்குகள் கச்சானும் தின்றுகொண்டிருக்கிற இடத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கினால் புலனத்தில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

ஆகவே இருட்டோடு கோலகுபு பாருவுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கடலில் கலக்கிற சிலாங்கூர் ஆறு அந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் இறங்கி வருகிறது. அது கீழே வரத் துடித்த இடத்துக்கு நாம் மேலே போகத் துடிக்கிறோம். பெர்த்தாக் ஒராங் அஸ்லி கிராமத்திலிருந்து ஏற்றம். புக்கிட் கூத்து ஆயிரத்து ஐம்பது மீட்டர் சொச்சம். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு ட்ரீச்சர் மலை என்று பெயர். வெக்கை தாங்காத துரைமார் உச்சியில் பங்களா கட்டிக்கொண்டார்கள். பங்களா போய்விட்டது, கணப்பின் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அதைக் கட்டச் சாமான் சுமந்து ஏறியவர்களுக்கு யாரும் கைகூப்பும் பொம்மை போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது ஏற வேண்டுமானால் வனத்துறையிடம் பெர்மிட் எடுக்க வேண்டும். என் பாட்டனைக் கப்பலில் ஏற்றி வந்து இதே சிலாங்கூர்க் காட்டை அழிக்கச் சொன்னபோது ஒருவரும் பெர்மிட் கேட்கவில்லை.

செம்பனை ஆலை எடைமேடையில் காலமெல்லாம் உட்கார்ந்து லாரி எடை பார்த்தவன், அறுபதுக்குமேல் ஏன் மலையேறக் கிளம்பினான் என்பதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் சப்பாத்து விஷயம் ஒன்று இருக்கிறது. சின்ன விஷயம்தான்.

மகள் ஷா ஆலமில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போய் மலையேறும் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். எழுநூறு வெள்ளி. அந்தக் காசுக்கு நான் முதலில் வாங்கின மோட்டார் சைக்கிளில் பாதி வரும். கடைப் பெண், "உங்கள் பாதம் என்ன வகை அங்கிள்?" என்று கேட்டாள். இடது, வலது என்று இரண்டு வகைதான் எனக்குத் தெரியும். தட்டை, நடுத்தரம், வளைவு என்று விளக்கினாள். இந்தச் சப்பாத்துக்குள் தண்ணீர் புகாது, வேர்வை மட்டும் வெளியே போகும் என்றாள். நம் காட்டில் மழை கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும். இறங்கினது வெளியே வராது. அந்தத் துணியின் சிறப்பே அதுதான்.

எழுநூறு வெள்ளியைச் சேற்றில் வைக்க மனம் வருமா? பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இங்கேதான் விஞ்ஞானம் வருகிறது. அந்தச் சப்பாத்துகள் பலவற்றின் அடியில் மெத்தென்று இருப்பது பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். போட்டு நடந்தாலும் சிதையும், பூட்டி வைத்தாலும் சிதையும். இது தெரியாமல் ஒரு சுபநாளில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஓடையைத் தாண்டி நாலு எட்டு வைத்தேன். வலது சப்பாத்தின் அடி சேற்றிலேயே நின்றுவிட்டது. நான் முன்னால் போய்விட்டேன்.

வழிகாட்டியாக வந்த ஒராங் அஸ்லித் தம்பி சிரிக்கவில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டான். அவன் குனிந்தபோதுதான் அவன் காலைப் பார்த்தேன். கம்போங் அடிடாஸ்! கறுப்பு ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம், மளிகைக் கடையில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே சரக்கு. முழுக்க ஒரே அச்சில் வார்த்த ரப்பர். ஒட்டே இல்லாததால் விட்டுப்போக எதுவும் இல்லை. தண்ணீர் உள்ளே போகும்; கவிழ்த்தால் வெளியே வந்துவிடும். கினபாலுவில், 4,095 மீட்டர் மலையில், சுமை தூக்குகிறவர்கள் இதைத்தான் மாட்டிக்கொண்டு, எழுநூறு வெள்ளிக்காரர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் பிறகு அவர்களைத் தாண்டிப் போகிறார்கள். நீளக் காலுறையை இழுத்துக் காற்சட்டைக்கு மேலே விட்டால் அட்டை ஏறாது. முக்கியமாக, ஒரு நம்பர் பெரிதாக வாங்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது கட்டைவிரல் முட்டி நகம் கறுத்துவிடும். என் கால் ஏழு. ஆகவே எட்டு.

அதை வாங்கி ஒரு மலை ஏறிவிட்டு வந்து வாசலில் கழற்றினேன். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. கண் இன்னும் துல்லியம்.

"யாரோட மரம் வெட்டுற சப்பாத்துடா இது?"

"என்னோடதுதாம்மா. மலையேற."

"மலையிலே பால்மரம் இருக்கா?"

"இல்லே."

"அப்போ மேலே என்ன இருக்கு?"

"பழைய புகைபோக்கி ஒண்ணு."

"எத்தனை மணிக்கு எழுந்திரிச்சே?"

"மூணரை."

"பெரட்டுக்கே நான் நாலரைக்குத்தான் எழுந்திரிச்சேன். சம்பளம் எவ்வளவு?"

"நாமதாம்மா காசு கட்டணும்."

அம்மா என் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

நெற்றி விளக்கை நான் காட்டவே இல்லை. அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நெரைக்குப் போனவர், வெயில் ஏறியதும் காண்டாவில் இரண்டு வாளிப் பால் தூக்கி வந்தவர். அவரிடம் போய் இது எத்தனை லூமன் என்று விளக்க முடியுமா? எங்கள் குழுவில் ஒருவர் லூமனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். சிலர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடுவதே இல்லை. சப்பாத்துக்கு வருகிறேன். சேற்றைக் கழுவிய பிறகு வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே பழைய நாளிதழைத் திணித்தால் வாடை போகும். தமிழ் நாளிதழ் நன்றாக உறிஞ்சுகிறது.

இந்தப் பைத்தியம் எப்போது தொற்றியது என்றும் எனக்குத் தெரியும். 1997 மே 23. எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக நின்ற மலேசியர்கள் இரண்டு பேர், மகேந்திரனும் மோகனதாஸும். இரண்டு பேரும் நம் ஆள்கள். ஆலைக் கேன்டீனில் அன்று தே தாரிக் ஆறிப்போக ஆறிப்போகப் பேசினோம். மலை ஏறுவது நம் ரத்தத்திலேயே ஊறியது, பத்துமலையில் 272 படி ஏறிப் பழகியவர்கள் நாம் என்றெல்லாம், படியேறினால் முட்டி வலிக்கிறவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பதினாறு வருஷம் கழித்து, 2013இல், அதே மே 23ஆம் தேதி ஜப்பானின் யுய்ச்சிரோ மியூரா எண்பது வயதில் எவரெஸ்ட் ஏறிவிட்டார். அன்றோடு அறுபது வயதுக்காரன் சொல்வதற்கு வைத்திருந்த சாக்கெல்லாம் போயிற்று. இறங்கும் வழியில் அவரை ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டது என்பதை எங்கள் குழுவில் யாரும் சொல்வதில்லை. நான்தான் அடிக்கடி சொல்கிறேன்.

இனிப்புநீர் குறைந்ததா என்று கேட்பீர்கள். கிளினிக்கிலும் கேட்டார்கள். இறங்கி வந்ததும் கோலகுபு பாருவில் ஆளுக்கு மூன்று ரொட்டி சானாய், பால் அதிகமாக ஒரு தே, இரண்டாவது தே என்று பசியாறிவிட்டுத்தான் வீடு திரும்புவது குழுவின் வழக்கம் என்பதை அவர்களிடம் விவரமாகச் சொல்லவில்லை.

நான் ஏன் ஏறக் கிளம்பினேன் என்பதற்கு இப்போது வந்துவிடலாம் என்று பார்த்தால், இந்த வாரம் சப்பாத்தின் குதிகால் பக்கம் பாறையில் உரசிக் கிழிந்துவிட்டது. இன்னொரு ஜோடி வாங்க பெஸ்தாரி ஜெயாவுக்குப் போனேன். தவுக்கேக்கு என் அப்பாவையும் தெரியும், தமிழும் தெரியும்.

"பதினெட்டு வெள்ளி," என்றார்.

"போன தடவை பன்னிரண்டுதானே தவுக்கே?"

"இப்போ மலை ஏர்ற ஆளு நிறைய வாங்குது. விலை ஏறிடுச்சு. பால் வெட்டுற ஆளுக்கு மட்டும் பழைய விலை. ஆனா அந்த ஆளு இப்போ வர்றது இல்லை."

"நான் பால்மரம் வெட்டத்தான் வாங்குறேன்," என்றேன்.

தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். அடிகளை எண்ணிக் காட்டும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது," என்றார்.