முகவரி மாறிய கடன்

கேள்வி: வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறை வாடகை கட்ட முடியாமல் தவித்த எனக்கு சீனியர் ஒருவர் பணம் தந்தார். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவே இல்லை. இப்போது ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். இந்தக் கடனை எப்படி அடைப்பது?

பதில்: வாங்க மறுத்தார் என்றால் தள்ளுபடி செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை, வேறு முகவரியில் கட்டச் சொல்கிறார்!

எம்.ஜி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’தான் அவருக்கு முதல் படம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் நடித்தார். தொழிலில் மூத்தவர்; கையில் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடுகிற மனிதர். அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எம்.ஜி.ஆர். 1957-இல் கலைவாணர் மறைந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கும் துணை நின்றார், முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கும் கொடுத்தார். கொடுக்கும் கையைக் கூடவே இருந்து பார்ப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து கிடையாது. நீங்களும் அதில் படித்தவர்தான்.

உங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசியில் டீக்குக்கூட எழுந்து வராத புதுப் பையன் யாரென்று பாருங்கள். அவன் வாய்விட்டுக் கேட்பதற்குள் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு போன் போடுங்கள்.