ஜெனீவாவுக்கு டிக்கெட் போடுமுன்

ஏண்டா பேராண்டி, நீலக்குடி பல்கலைக்கழகத்துல பிசிக்ஸ் முடிச்சாச்சு, அடுத்து ஜெனீவாதாங்கிறே. போயேன், யாரு வேண்டாங்கிறா? ஆனா சூப்பர்சிம்மெட்ரியத் தேடிப் போறேங்கிறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. அங்க 27 கிலோமீட்டர் சுரங்கத்துல புரோட்டானை மோதவிட்டு 2012ல ஹிக்ஸ் துகளைப் புடிச்சாங்க. சந்தோஷம். சூப்பர்சிம்மெட்ரி சொல்ற அதோட சூப்பர் ஜோடி? இன்னிக்கு வரைக்கும் ஆளைக் காணோம்.

நீ சொல்லிக் குடுத்ததையே திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. எலெக்ட்ரான் மாதிரி ஃபெர்மியான்னா ஒத்தை நாத்து நடவு, குத்துக்கு ஒண்ணுதான். போசான்னா நாத்தங்கால், எத்தனை வேணும்னாலும் நெருக்கியடிச்சு நிக்கும். 1924ல டாக்காவுலேருந்து நம்ம போஸ் ஐன்ஸ்டீனுக்கு எழுதிப்போட்ட கணக்கு. இதையும் அதையும் மாத்தி வச்சாலும் விதி மாறலேன்னா அதான் சூப்பர்சிம்மெட்ரி. ஆச்சா?

அதைத் தேட ஜெனீவாவுக்கே போகணும்னு இல்லடா. 2014ல தருண் குரோவர், ஷெங், அஸ்வின் விஸ்வநாத்னு மூணு பேரு 'சயன்ஸ்' பத்திரிகையில ஒரு கணக்குப் போட்டாங்க. டோப்பாலஜிகல் சூப்பர்கண்டக்டர்னு ஒரு பொருளு, அதோட நடுவுல தேடாதே, ஓரத்தைப் பாருன்னாங்க. ஓரத்துல மஜோரானாங்கிற ஃபெர்மியான் ஓடுது. அங்கேயே காந்தத்தன்மை தலையெடுக்கவா வேணாமான்னு ஊசலாடுது. அந்த ஊசலாட்டம் போசான். ஒரே ஒரு திருகைத் திருகிக்கிட்டே போனா, காந்தம் பிறக்கிற அந்தச் சரியான முனையில ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுது. யாரும் உள்ளே வைக்காத சூப்பர்சிம்மெட்ரி தானா முளைக்குது. முனையை விட்டு நகர்ந்தா போச்சு. 1980கள்லயே ஃப்ரீடன், சியு, ஷெங்கர் தட்டைப் பரப்புல இதே சங்கதியச் சொன்னவங்கதான். ஆனா அங்க ரெண்டு திருகு. ஒண்ணைக் குறைச்சதுலதான் இவங்க சாமர்த்தியம்.

'பிரபஞ்சத்தோட கேள்விக்கு இது பதில் இல்லியே தாத்தா'ம்பே. இல்லதாண்டா. ஆனா மேசை மேல அடங்குற பொருளு, செலவும் கம்மி. ஜெனீவாவுல ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்குல பேரு போடுறான். அதுல உன் பேரைத் தேடுறதுக்குள்ள எனக்குக் கண்ணாடி மாத்தணும். இங்க மூணே பேரு.

அதனால ஜெனீவாவுக்கும் இந்த மாதிரி மேசை ஆராய்ச்சி நடக்குற எடத்துக்கும் மனுப் போட்டு வை. ஆனா பொண்ணு பாக்கப் போற வீட்டுல மட்டும், 'காணாமப்போன ஜோடியத் தேடுறதுதான் என் வேலை'ன்னு வாய் விட்டுடாதே. வரப்போற மாமனாரு காப்பியக் கீழ வச்சிட்டு எழுந்திரிச்சிருவாரு.