தேக்கும் நுரையும்

கேள்வி: ஷேவிங் பிரஷ்ஷுக்குச் சொந்தமாகக் கைப்பிடி கடைய எந்த மரம் நல்லது?

பதில்: தேக்குதான்! அதிலுள்ள இயற்கை எண்ணெய், தினமும் நனையும் பிடியைக் காக்கும். ஆனால் தேக்கில் சிலிக்காவும் உண்டு. உளி சீக்கிரம் மழுங்கும். முகத்துக்குப் புது பிளேடு கேட்பவர், உளிக்கும் சாணை பிடித்தே ஆக வேண்டும்.

கை பழகாதவர் வெட்பாலையில் தொடங்கலாம். சன்னபட்டணா பொம்மைக் கலைஞர்கள் கடைவது அந்த மரத்தைத்தான். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும், கண்ணைப் பறிக்கும் அழகு! பிரஷ்ஷுக்கு மட்டும் அந்த மெருகு வேண்டாம். வெந்நீரும் சோப்பின் காரமும் அரக்கைக் கெடுத்துவிடும்.

கடைந்த பிரஷ்ஷால் நுரை குழைத்து, இரண்டு நிமிடம் கன்னத்தில் ஊறவிடுவதே பெரிய சுகம். ஊறிய முடி இளகும். ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற ரேசரின் வழிவந்த எதுவும் இதமாக வழிக்கும். பிறகு பிரஷ்ஷை அலசி, உதறி, காற்றில் உலர்த்த வேண்டும்.