நுரைக்கு நூறு சொந்தக்காரர்கள்

பிளஸ் டூ வேதியியலில் 'நுரை மிதப்பு முறை' என்று ஒரு பகுதி வரும். தாதுவைப் பொடியாக்கு, தண்ணீரில் கலக்கு, பைன் எண்ணெயோ யூகலிப்டஸ் எண்ணெயோ விடு, காற்றைச் செலுத்து. கனிமம் நுரையோடு மேலே வரும், கூளம் அடியில் தங்கும். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பதினைந்து பேர் கை தூக்குவார்கள், கூடவே அவரவர் வக்கீலும் எழுந்து நிற்பார்.

முதலில் சமாச்சாரம் என்னவென்று பார்த்துவிடலாம். தாதுக்கல்லை மாவாக அரைத்தால் இரண்டு வகைத் துகள்கள் கிடைக்கும். ஒன்று, கந்தகத்தோடு குடித்தனம் நடத்தும் ஈயம், துத்தநாகம், செம்பு. கொஞ்சம் எண்ணெய் பட்டால் போதும், தாமரை இலை மாதிரி இவை தண்ணீரை ஒட்டவிடாது. இன்னொன்று, குவார்ட்ஸ் போன்ற வெறுங்கல். அது தண்ணீரில் நன்றாக நனைந்து அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீரோடு சேராத துகள், பக்கத்தில் ஒரு காற்றுக் குமிழி வந்தால் அதில் தொற்றிக்கொண்டு மேலே போய்விடும். எண்ணெயின் வேலை துகளுக்கு மேல்பூச்சு பூசுவதும் நுரை உடையாமல் பார்த்துக்கொள்வதும்தான். தூக்கிச் சுமப்பது காற்று.

இந்தக் கடைசி வரியைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அதுவரை எல்லோரும் எண்ணெயைத்தான் கும்பிட்டார்கள். காற்று இலவசமாகக் கிடைத்ததால் அதை யாரும் மதிக்கவில்லை.

எண்ணெய்ப் பசையை நம்பிய கதை கிறிஸ்துவுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. கிரேக்கத்து ஹெரடோட்டஸ், லிபியாவுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் பெண்கள் இறகில் கீல் தடவி, ஏரிச் சேற்றில் இருந்து பொன்துகளை ஒற்றி எடுப்பதாக எழுதிவைத்தார். உண்மையா என்று தெரியாது, சொன்னதைச் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். பின்னால் வந்த காப்புரிமைக்காரர்கள் ஒருவரிடமும் இந்த அடக்கம் கிடையாது.

1860இல் பிரிட்டனில் வில்லியம் ஹெய்ன்ஸ், எண்ணெய்க்கும் கந்தகக் கனிமங்களுக்கும் உள்ள ஒட்டுறவைக் காட்டிக் காப்புரிமை வாங்கினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1877இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பெசல் சகோதரர்கள் கிராஃபைட் பொடியில் எண்ணெய் கலந்து தண்ணீரில் கொதிக்கவைத்தார்கள். கொதியில் எழுந்த குமிழிகள் கிராஃபைட்டைத் தூக்கி வந்தன. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இலங்கை மண்ணில் இருந்து உயர்தர கிராஃபைட் வந்து இறங்கியது. அதில் பிரிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொதிக்கவைக்கும் செலவு கட்டுப்படியாகாமல் போக, பெசல் முறையும் மறதியில் போயிற்று. இயற்கை சில இடங்களில் தாராளமாக நடந்துகொண்டால் வேறு சில இடங்களில் அறிவியல் பட்டினி கிடக்கும்.

அடுத்து கேரி எவர்சன் அம்மையார். சுரங்கக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கதைப்படி இவர் டென்வரில் ஒரு பள்ளி ஆசிரியை. தாதுவைச் சோதிக்கும் தொழில் செய்த தம் சகோதரனின் எண்ணெய்ப் பிசுக்குச் சாக்குகளைத் துவைத்தபோது, கனிமம் நுரையில் மிதப்பதைப் பார்த்துவிட்டாராம். ஒரு பெண் ஒன்றைக் கண்டுபிடித்தாள் என்றால் அது துணி துவைக்கும்போதுதான் நடந்திருக்க முடியும் என்பது அன்றைய சுரங்க உலகின் திடமான நம்பிக்கை.

நிஜம் வேறு. அவர் சிகாகோவில் ஒரு டாக்டரின் மனைவி. டாக்டர் சுரங்கத்தில் பணம் போட்டார், போட்ட பணம் போயே போயிற்று. கணவரைத் திட்டித் தீர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அம்மையார் கனிமவியல் படித்தார், சோதனைகள் செய்தார், எண்ணெயோடு அமிலமும் சேர்த்தால் பிரிப்பு நன்றாக நடக்கும் என்று காட்டி 1886 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை எண் 348157ஐ வாங்கினார். பிறகு கணவர் இறந்தார், அம்மையார் நர்ஸ் வேலைக்குப் போனார். உலகம் விழித்துக்கொள்ளும் முன்பே, 1903இல், காப்புரிமை காலாவதி ஆனது. இந்த முறை யாருடையது என்ற காப்புரிமை வழக்குகள் சூடுபிடித்துக்கொண்டிருந்த 1914இல் அவரும் காலமானார். சாக்குக் கதை மட்டும் சாகவில்லை.

இதற்கிடையே வேல்ஸ் நாட்டில் கிளாஸ்டிர் செம்புச் சுரங்கத்தில், 1898 வாக்கில், எல்மோர் சகோதரர்கள் எண்ணெய் பக்தியை உச்சத்துக்கே கொண்டுபோனார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது: ஒரு டன் தாதுவுக்கு ஏறக்குறைய ஒரு டன் எண்ணெய். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், கனிமம் எண்ணெயில் ஒட்டும், ஆகவே கனிமமும் மிதக்கும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை விழுந்தது கல்லாவில். ஆனாலும் ஃபிரான்சிஸ் எல்மோர் விடாக்கண்டர். 1904இல் வெற்றிடத்தை வைத்துக் குமிழி எழுப்பும் முறை ஒன்றைக் கொண்டுவந்து, காற்றின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

நிஜமான கூத்து நடந்த இடம் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில். நியூ சவுத் வேல்ஸின் வறண்ட மேற்கு மூலையில், 1883இல், சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணை வேலிக் காவலர் ஒரு கரட்டுக் குன்றைப் பார்த்து இது தகரம் என்று முடிவுகட்டினார். கூட்டாளிகளைச் சேர்த்து ஏழு பேராக இடத்தை வளைத்துப் போட்டார். அது தகரம் இல்லை. வெள்ளியும் ஈயமும்! தப்பான கணிப்பில் கோடீஸ்வரர் ஆன வரிசையில் ராஸ்புக்குத் தனி நாற்காலி உண்டு. கூட்டாளிகளில் ஒருவரான மெக்கலக், தம் பங்கில் ஒரு துண்டை விற்றபோது விலையை யூக்கர் என்ற சீட்டாட்டம் ஆடித் தீர்மானித்தார், தோற்றும் போனார். அந்தக் குன்றைத் தோண்ட 1885இல் பி.எச்.பி. நிறுவனம் பிறந்தது.

தோண்டத் தோண்ட ஒரு சிக்கல் முளைத்தது. ஆழத்தில் ஈயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு பின்னிக் கிடந்தன. ஈயக் கனிமம் நல்ல கனம், தண்ணீரில் அலசினால் அடியில் தங்கிவிடும். துத்தநாகக் கனிமமோ கூட இருந்த ரோடோனைட், கார்னெட் கற்களின் எடைக்கு எடை நின்றது. அலசிப் பார்த்தால் இது எது, அது எது என்று தெரியவில்லை. எனவே ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாசலில் கொட்டினார்கள். லட்சக்கணக்கான டன் துத்தநாகச் சக்கை மலையாக நின்றது. ஊரே பணத்தின் மேல் உட்கார்ந்து பணமில்லை என்று அழுதது.

முட்டுச்சந்தைத் திறந்தவர்கள் சுரங்கப் பொறியாளர்கள் அல்ல, பீர்க்காரர்கள். மெல்போர்னில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த சார்லஸ் பாட்டர், சக்கையைச் சூடான கந்தக அமிலத்தில் போட்டார். கல்லில் இருந்த கார்பனேட் பொங்கிக் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளை விட, துத்தநாகம் அதில் ஏறி மேலே வந்தது. எண்ணெய்? ஒரு சொட்டுகூட இல்லை! இன்னொருவர் பெல்ஜியத்தில் பிறந்த ஆகஸ்ட் டி பாவே, ஃபாஸ்டர்ஸ் பீர் ஆலையின் வேதியியலாளர். 1904இல் அவர் துகள்களைத் தண்ணீரின் மேற்பரப்பில் பூப்போல நழுவவிட்டு, மேலேயே மிதக்கவைத்து வழித்தெடுத்தார். ப்ரோக்கன் ஹில்லின் சுரங்கப் பொறியாளர்களும் மாலை தவறாமல் பீர் நுரையைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்த்த கோணம் வேறு.

பாட்டர் காப்புரிமை வாங்கிய கையோடு, பி.எச்.பி.யின் பொது மேலாளர், டச்சுக்காரர் டெல்ப்ராட், அமிலத்துக்குப் பதில் சோடியம் பைசல்ஃபேட் உப்பைப் போட்டுத் தனியாக ஒரு காப்புரிமை எடுத்தார். உப்பை மாற்றினால் சாம்பார் ரசமாகிவிடுமா என்று பாட்டர் விக்டோரியா நீதிமன்றத்துக்குப் போனார். 1906இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் யோசித்துச் சொன்ன தீர்ப்பு: காப்புரிமை நியூ சவுத் வேல்ஸுடையது, விக்டோரியா நீதிமன்றம் அதில் தலையிட முடியாது. நுரையைப் பற்றி ஒரு முடிவும் இல்லை. வரலாறு இருவரையும் சேர்த்துக் கட்டி 'பாட்டர்-டெல்ப்ராட் முறை' என்று பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொண்டது. 1905இல் சக்கை மலைகளை வாங்கிப் போட ஜிங்க் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் கிளம்பியது. அதன் பின்னணியில் இருந்த இளம் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி. அவர்கள் பாட்டர் முறையில் தொடங்கி எல்மோரின் வெற்றிட முறை வரை மாற்றி மாற்றிப் பார்த்தே கரையேறினார்கள்.

இந்த நேரத்தில் லண்டனில் மினரல்ஸ் செபரேஷன் என்ற நிறுவனம் 1903இல் கடை திறந்திருந்தது. அவர்கள் கையில் இருந்தது கேட்டர்மோல் என்பவரின் முறை. இதில் விசேஷம், எண்ணெய் பூசிய கனிமம் உருண்டை உருண்டையாகத் திரண்டு கீழே மூழ்க வேண்டும். மிதப்பது தொல்லை. 1905இல் ஆய்வகத்தில் எண்ணெயின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். உருண்டைகள் குறைந்தன. ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்ப் பலமாகக் கலக்கியபோது, கனிமம் மொத்தமும் கெட்டியான நுரையாகத் திரண்டு மேலே வந்து நின்றது. மூழ்கடிக்கும் வித்தையை வாங்கியவர்கள் மிதக்கவைக்கும் வித்தைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். சல்மன், பிக்கார்ட், பலாட் மூவர் பேரில் 1906 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை எண் 835120 வந்தது.

அதன் பிறகு மினரல்ஸ் செபரேஷன் கனிமத்தையும் பிரித்தது, காசையும் பிரித்தது. எல்மோர் தரப்பு வழக்குத் தொடுத்துப் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போய் 1909இல் தோற்றது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹைட் என்பவர் இவர்களிடமே வேலை பார்த்துவிட்டு, 1911இல் மோன்டானாவில் ப்யூட் அண்ட் சுப்பீரியர் நிறுவனத்துக்காக ஒரு மிதப்பு ஆலையை ஓட்டிக் காட்டினார். வழக்கு பாய்ந்தது. கீழ்க்கோர்ட்டில் ஹைட் தோற்றார், மேல்முறையீட்டில் ஜெயித்தார், 1916 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தோற்றார். ஹெய்ன்ஸ், எவர்சன், எல்மோர் என்று பழைய பெயர்கள் அத்தனையும் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கப்பட்டன. நீதிபதிகள் சொன்னதன் சாரம்: முந்தையவர்கள் எண்ணெயின் மிதக்கும் சக்தியை நம்பினார்கள், இந்த முறையில் தூக்குவது காற்றுக் குமிழி, அது புதுசு. ரசாயனம் படித்தவர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லாததைச் சட்டம் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காப்புரிமை செல்லும், ஆனால் எண்ணெய் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் வரைதான்.

தீர்ப்பைப் படித்த ப்யூட் அண்ட் சுப்பீரியர் செய்த காரியத்தைத் தொழில் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டும். குறைந்த எண்ணெயில் வேலை நன்றாக நடக்கிறது என்று தெரிந்தும், அளவை ஒரு சதவீதத்துக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்! உலகமே செலவைக் குறைக்கத் தொழில்நுட்பத்தைத் தேட, இவர்கள் வக்கீலின் ஆலோசனைப்படி எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினார்கள். அந்தக் கூடுதல் எண்ணெய் கனிமத்துக்காக அல்ல, நீதிபதிக்காக. விவகாரம் மறுபடியும் உச்ச நீதிமன்றம் ஏறி, 1919இல் அதே ஒரு சதவீதக் கோட்டில்தான் வந்து நின்றது.

1923இல் அந்தக் காப்புரிமையின் ஆயுள் முடிந்தது. 1925இல் கொர்னீலியஸ் கெல்லர் சாந்தேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். டன்னுக்குச் சில பத்து கிராம் போட்டாலே எண்ணெய் செய்த மேல்பூச்சு வேலையை அதைவிடக் கச்சிதமாகச் செய்யும் சரக்கு அது. டென்மார்க்கின் சைஸெ 1822இலேயே அதைத் தயாரித்துவிட்டார். நூறு வருஷமாகச் சும்மா கிடந்தது. தண்ணீரில் கரையும் உப்பு, எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. யாருடைய எண்ணெய், எத்தனை சொட்டு எண்ணெய் என்று இரண்டு கண்டங்களின் கோர்ட்டுகள் எண்ணிக்கொண்டிருந்தன. கடைசியில் அந்த மேல்பூச்சு வேலையையே எண்ணெய் ராஜினாமா செய்துவிட்டது. வக்கீல்களின் ஃபீஸை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.