அருவிக்கு அஞ்சாதார் விமானத்துக்கு அஞ்சுவது: தென்காசி வட்டாரம் பற்றிய ஒரு சிற்றாய்வு

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசிக்கு அருவிகள் உண்டு, காற்றாலைகள் உண்டு, ஒன்பது நிலைக் கோபுரம் உண்டு, மத்தளம்பாறை வயல்களுக்கு நடுவே மென்பொருள் நிறுவனமும் உண்டு. விமான நிலையம் மட்டும் இல்லை. பறக்க விரும்பும் தென்காசிக்காரர் கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் சென்று தூத்துக்குடி வாகைக்குளத்திலோ, வடக்கே அதைவிடத் தொலைவிலுள்ள மதுரையிலோ, மேற்கே மலையைத் தாண்டி வேற்று மாநிலத்துத் திருவனந்தபுரத்திலோ ஏறியாக வேண்டும். இதன் விளைவாக இவ்வட்டாரத்தில் விமானத்தைப் பற்றிய கருத்துகள், அதில் ஏறியவர்களைக் காட்டிலும் ஏறாதவர்களிடமே மிகுதியாகவும் உறுதியாகவும் காணப்படுகின்றன. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா எளியது: ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குற்றாலப் பேரருவிக்கு அடியில் உச்சந்தலையைக் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்று பக்கத்தில் இருப்பவரோடு இடத்துக்கு வாதாடும் அதே மனிதர், விமானம் ஓடுதளத்தில் வேகமெடுத்ததும் இருக்கையின் கைப்பிடியைப் பெயர்த்து எடுத்துவிடுமளவுக்கு இறுகப் பற்றிக்கொள்வது ஏன்?

தமிழர்க்குப் பறத்தல் புதிதன்று. பறத்தலைப் பற்றிய கவலையும் புதிதன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியை அறிந்த அரசன் சச்சந்தன், நிறைமாதக் கருவுற்ற தன் தேவி விசயையை மயில் வடிவப் பொறி ஒன்றில் ஏற்றி வானத்தில் அனுப்புகிறான். பொறி போய் இறங்கிய இடம் சுடுகாடு. மகப்பேறும் அங்கேயே நிகழ்கிறது. 36 வாரம் கடந்த கருவுற்ற பெண்களை ஏற்றுவதில்லை என்று பல விமான நிறுவனங்கள் இன்று விதி வைத்திருப்பதற்குச் சிந்தாமணி காரணமாக இருக்க வாய்ப்பில்லை எனினும், அதைப் படித்தவர்கள் செய்யக்கூடிய விதி அதுவே.

தென்காசி வட்டாரத்துக்கே உரிய சான்று குற்றாலக் குறவஞ்சியில் இருக்கிறது. தென்காசியை ஒட்டிய மேலகரத்தைச் சேர்ந்த, 18ஆம் நூற்றாண்டுப் புலவரான திரிகூடராசப்பக் கவிராயர், தம் மலையின் வளத்தைக் குறத்தி வாயிலாகச் சொல்லும்போது, தேனருவியின் நீர் துள்ளியெழுந்து வானத்துப் பாதையையே நனைத்துவிட, கதிரவனின் குதிரைகளும் தேர்ச்சக்கரங்களும் சறுக்கியதாகப் பாடுகிறார். விமானப் பொறியியலில் இதற்கு நீர்ச்சறுக்கல் என்று பெயர் சொல்லலாம்: நனைந்த ஓடுதளத்தில் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிடுவதால் பிடிமானம் அற்றுப்போய், ஊர்தி தன் விருப்பப்படி வழுக்கிச் செல்லும் நிலை அது, அதைத் தவிர்க்கவே இன்றைய ஓடுதளங்களின் குறுக்கே மெல்லிய வரிப்பள்ளங்கள் வெட்டி நீரை வடியவிடுகிறார்கள். கதிரவனின் பாதையில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இருந்ததாகக் கவிராயர் சொல்லவில்லை. ஏனையோர் மலைவளப் பாட்டாகப் படிக்கும் இப்பகுதியை, விமான அச்சம் உடையவர் விபத்து அறிக்கையாகவே படிப்பார். அறிக்கையை எழுதியவருக்கோ மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் பரிசளித்தார். குறவஞ்சி மேடு என்பது அந்நிலத்தின் பெயர். ஓடுதள வழுக்கலை எழுதிக்கொடுத்து நஞ்சை வாங்கும் வாய்ப்பு பிற்கால விசாரணை அதிகாரிகள் எவருக்கும் கிட்டவில்லை.

இனி உடலியலுக்கு வரலாம். ஆபத்து என்று மூளை கருதும் ஒன்று எதிர்ப்பட்டதும், மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் அளவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் உறுப்பு எச்சரிக்கை விடுக்க, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு குழைகிறது. வியப்பு என்னவெனில், குதூகலத்தின் உடற்குறிகளும் ஏறத்தாழ இவையே. 1974இல் டட்டன், ஆரன் என்னும் இரு உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ என்ற ஆற்றின் மேல் ஆடும் தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். பாலத்தைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் சில வினாக்கள் கேட்டுத் தம் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். தாழ்வான, உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட ஆடும் பாலத்தைக் கடந்தவர்களே பின்னர் அவரை மிகுதியாக அழைத்தார்கள். பாலம் தந்த படபடப்பை அவர்கள் அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை நிறுவக் கனடா வரை போயிருக்க வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவிக்கு வந்திருந்தால், தண்ணீர் முதுகில் அறைந்த கணத்தில் மூச்சுத் திணறி, கண் இருண்டு, அலறி, உடனே "சொர்க்கம்டா!" என்று அறிவிப்போரை வேண்டிய எண்ணிக்கையில் பார்த்திருக்கலாம். அதே திணறலும் அதே இருளும் விமானத்தில் வந்தால் அவர்கள் அறிவிப்பது வேறு.

வேறுபாட்டின் வேர் பிடிமானத்தில் இருக்கிறது. மக்கள் ஆபத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது குறித்துப் பால் ஸ்லோவிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1987இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், உயிரிழப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பொதுமக்கள் அஞ்சுவதில்லை என்பதும், தம் கட்டுப்பாட்டில் இல்லாததையும் கண்ணுக்குப் புலப்படாததையுமே பெரிதாக அஞ்சுகிறார்கள் என்பதும் ஆகும். அருவியில் எவ்வளவு உள்ளே போவது என்பதைக் குளிப்பவரே முடிவு செய்கிறார். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. போதுமென்று தோன்றினால் விலகிவிடலாம். நீர் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் காவலர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார். விமானத்தில் விசில் இல்லை, விலகி நிற்க இடமும் இல்லை. ஓட்டுபவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார். பேருந்துப் பயணிக்கு ஓட்டுநரின் பிடரியாவது தெரியும். அது ஆடாமல் நிமிர்ந்திருக்கும் வரையில் பயணிக்கு உறக்கம் வரும்.

எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் பார்னெட், 2018 முதல் 2022 வரையிலான காலத்தில் உலக அளவில் விமானம் ஏறியவர்களில் 1 கோடியே 37 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே உயிரிழப்பு நேர்ந்ததாகக் கணக்கிட்டார். திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறப் போகிறவர்களோ செங்கோட்டை, புளியரை வழியாகச் சென்று, புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் எதிரே மூச்சிரைத்து ஏறியிறங்கும் சரக்கு லாரிகளுக்கு வழிவிட்டு, ஆரியங்காவு, தென்மலை என்று காட்டைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். முழுப் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி அதுவே. அப்பகுதி முழுவதையும் அவர்கள் உறங்கிக் கழிக்கிறார்கள். எனினும் புள்ளிவிவரத்தைச் சொல்லி அச்சத்தைப் போக்கிவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பிய பிறகு, 1 கோடியே 37 லட்சம் என்ற எண் எந்த வீட்டிலும் எடுபடவில்லை. எடுபடாததில் குற்றம் காணவும் முடியாது.

இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு, அச்சம் பயணியிடம் முழுமையாக இல்லாமல் குடும்பத்தார் அனைவர்க்கும் பங்கிடப்பட்டிருப்பது. கடையநல்லூரும் தென்காசியும் சுற்றியுள்ள ஊர்களும் நெடுங்காலமாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியவை. சிங்கப்பூரில் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர்கள் அங்கே குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்களே. அக்காலத்தில் ரஜுலா போன்ற கப்பல்களில் நாள்கணக்கில் மிதந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று நான்கு மணி நேரத்தில் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஆயினும் வழியனுப்பும் முறை கப்பல் காலத்து முறையாகவே நீடிக்கிறது. ஒருவர் பறக்க, பதினைந்து பேர் வேனில் போகிறார்கள். பிரானூர் பார்டரில் வேனை நிறுத்திப் பரோட்டாவும் கோழியும் உண்ணப்படுகின்றன. பறப்பவர் மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை மற்றவர் அனைவரும் கவனித்து, அதை அச்சத்தின் அறிகுறியாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆச்சிமார் வீட்டு வாசலிலேயே விபூதி பூசி, "பைலட்டுகிட்ட பதனமா ஓட்டச் சொல்லுய்யா" என்று பொறுப்பை ஒப்படைத்து முடித்திருப்பார்கள்.

உண்மையில் பறப்பவரின் கவலை வேறிடத்தில் இருக்கிறது. அது பெட்டியின் எடை. முப்பது கிலோவுக்குள் அடங்க வேண்டிய பெட்டியில் ஊறுகாய், முறுக்கு, கருப்பட்டி, பக்கத்து வீட்டுக்காரர் தம் மகனுக்காகக் கடைசி நேரத்தில் கொடுத்த பொட்டலம் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. விமானத்தைக் கண்டு மனிதர் அஞ்சுவது ஒருபுறமிருக்க, மனிதரின் பெட்டியைக் கண்டு விமானத் துறை அஞ்சுவது தனி ஆய்வுக்குரியது. காய்ந்த தேங்காயில் எண்ணெய் மிகுதி, எளிதில் தீப்பற்றும் என்பதால் அது விமானத்தில் விலக்கப்பட்ட பொருள். சபரிமலைக்குப் போவோர் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்ல 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் நடுவண் அரசு தற்காலிக அனுமதி வழங்கியது. ஆரியங்காவு ஐயப்பனையும் அச்சன்கோவில் ஐயப்பனையும் தேங்காயோடு நடந்தே பார்த்து வந்த மக்களுக்கு, தேங்காய்க்கு அனுமதி தேவை என்ற செய்தி சிறிது நேரம் விளங்கவில்லை.

விமானத்துக்குள் அச்சத்தைக் கிளப்பும் நிகழ்வுகள் சில. முதலாவது காது அடைப்பு. முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பொதிகை எனப்படும் அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,100 அடி. ஆகவே உடலைப் பொறுத்தவரை பயணி பொதிகை உச்சியில்தான் அமர்ந்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வீற்றிருக்கும் அகத்தியர் காது அடைக்கிறது என்று எந்தப் புராணத்திலும் முறையிடவில்லை. எச்சில் விழுங்கும்போது நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் திறந்து அழுத்தம் சமப்படும் என்பதால், ஒரு மிட்டாய் போதும். இரண்டாவது, மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை திடீரெனக் குறைவது. எஞ்சின் நின்றுவிட்டது என்று பலர் முடிவு செய்து குலதெய்வத்தை அழைக்கும் இக்கணத்தில் நிகழ்ந்திருப்பது, மேலெழுவதற்கு வேண்டியிருந்த மிகை விசையை விமானி குறைத்துக்கொண்டது மட்டுமே. மூன்றாவது இறக்கையின் ஆட்டம். ஆடாவிட்டால்தான் அஞ்ச வேண்டும். 2010இல் போயிங் 787 விமானத்தின் இறக்கைகளைச் சோதனைக்காக வளைத்தபோது அவை சுமார் 25 அடி மேலே வளைந்தும் ஒடியவில்லை.

நான்காவதான காற்றுக் கொந்தளிப்பு, தென்காசிக்காரர் எவ்வகையிலும் அஞ்சக் கூடாத ஒன்று. ஜூன் தொடங்கி அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறி, முகடுகளைத் தாண்டியும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் கிழக்கே பாயும்போது, அலையலையாக எழுந்து தாழ்கிறது. மலை அலை எனப்படும் இவ்வோட்டத்தில் புகும் விமானம் தானும் எழுந்து தாழ்கிறது. இதே காற்றுதான் சாரலைக் கொண்டுவந்து தூவுகிறது, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, காசி விசுவநாதர் கோபுர வாசலில் பக்தரின் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. அறை வாடகை கொடுத்துக் குற்றாலத்தில் அனுபவிக்கும் காற்றை, பயணச்சீட்டுக் கட்டணத்துக்குள்ளேயே விமான நிறுவனம் கொடுக்கும்போது அலறுவது முறையன்று.

குதூகலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. சன்னலோர இருக்கை கிடைத்த சிறுவனும், மகளைப் பார்க்க முதன்முறை பறக்கும் அறுபது வயதுத் தாயும் ஒரே அளவில் மகிழ்கிறார்கள். தாய் அதை மறைக்கத் தெரிந்தவர். அச்சமும் குதூகலமும் ஒருசேர இல்லாத ஒரே கூட்டம், விடுப்பு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புவோர். இடைவார் பூட்டியதும் கண்ணை மூடிக்கொள்ளும் இவர்களைத் துணிவுடையோர் என்று முதல்முறைப் பயணிகள் எண்ணுகிறார்கள். பிறந்து மூன்று மாதமான குழந்தையை விட்டுவிட்டு இரண்டாண்டுக்குப் போகிறவருக்கு விமானம் ஆடுவதைக் கவனிக்க நேரமில்லை என்பதே உண்மை. அவருக்கு விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுதான் வருத்தம்.

எஞ்சியோர்க்குச் சில குறிப்புகள். இறக்கையை ஒட்டிய இருக்கைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும். வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முன் காலையில் பறந்தால் கொந்தளிப்பும் குறைவு. இடைவாரைப் பயணம் முழுவதும் கழற்றாமல் இருப்பது நல்லது. திருவனந்தபுரத்தில் ஏறுவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம், அதாவது உற்சவ மூர்த்தியைக் கடலில் நீராட்ட எடுத்துச் செல்லும் ஊர்வலம், சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி விமான நிலைய ஓடுதளத்தின் குறுக்கே செல்கிறது. கருடனையே வாகனமாக உடைய பெருமாள் ஓடுதளத்தைத் தரைவழியாகக் கடந்து திரும்பும் வரை, ஆண்டுக்கு இருமுறை, பங்குனி விழாவிலும் ஐப்பசி விழாவிலும், விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த இரண்டு நாட்களும் எப்போது வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.