குதிரையை எங்கே கட்டுவது?

வீணையில் தந்தியைத் தாங்கும் உறுப்புக்குத் தமிழில் குதிரை என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களும் அதைக் குட்டிக்குதிரை என்ற பொருளில் ‘செவாலே’ என்கிறார்கள். ஆங்கிலேயரோ ‘பிரிட்ஜ்’, அதாவது பாலம் என்றார்கள். அதோடு நில்லாமல், அதன்மேல் தந்தி உட்காரும் துண்டுக்குச் ‘சேடில்’, அதாவது சேணம் என்றும் பெயர் வைத்தார்கள். பாலத்துக்கு எதற்குச் சேணம்? ஆகவே இக்கட்டுரை குதிரை என்றே வழங்கும்.

ஆய்வுப் பொருள் இது: மின்கிதார் செய்யும்போது குதிரையை எங்கே நிறுத்துவது?

கணக்கர் கட்சிக்கு இதில் ஐயமே இல்லை. 12ஆம் மெட்டு (ஃபிரெட்) தந்தியின் நட்டநடு. ஃபெண்டர் கிதார் அளவில் தந்தியின் நீளம் 25.5 அங்குலம், ஏறத்தாழ 648 மி.மீ. தலைப்பக்க ‘நட்’டிலிருந்து 12ஆம் மெட்டுக்கு 324, அங்கிருந்து இன்னொரு 324. திருகாணியை முடுக்கு, தீர்ந்தது.

அப்படி முடுக்கியவருக்கு மேல்ஸ்தாயி கசக்கும். மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். அதை ஈடுகட்டச் சேணம் பின்வாங்க வேண்டும்: மெல்லிய தந்திக்கு ஒன்றிரண்டு மி.மீ., தடித்ததற்கு நாலைந்து. கணக்குக்குச் சரியான இடம் காதுக்குத் தப்பான இடம் என்பது பெறப்படும்.

கணக்கில் தப்பியது காதுக்குச் சரியாவதற்குத் தொல்சான்றும் உண்டு. விண்வெளி கண்ட கலிலியோவின் தந்தை வின்சென்சோ, 1581இல் வெளியிட்ட நூலில் மெட்டு வைக்க 18க்கு 17 என்ற விகிதத்தைச் சொன்னார். நம் 648 மி.மீ.யில் அதைப் போட்டுப் பார்த்தால் 12ஆம் மெட்டு நடுவை எட்டாமல் சுமார் 2.4 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடுகிறது. அழுத்தும் விரல் சுருதியை ஏற்றிவிடுவதால் அந்தக் குறை ஓரளவு நேராகிறது. மகன் வானத்தில் காட்டிய துல்லியம் அப்பாவுக்குத் தேவைப்படவில்லை.

1950இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிராட்காஸ்டர் கிதாரில் ஆறு தந்திக்கு மூன்றே சேணம், கூட்டுக் குடித்தனம். ஒரு தந்திக்காக நகர்த்தினால் பக்கத்துத் தந்தி முகம் சுளிக்கும். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்து ஆறுக்கும் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தது. அதே ஆண்டு கிப்சன் நிறுவனத்தின் டியூன்-ஓ-மேட்டிக் குதிரையும் ஆறு சேணத்தோடு வந்தது. அந்தக் குதிரை நேராக நிற்பதில்லை. தடித்த தந்திப் பக்கம் சற்றுப் பின்னே சாய்ந்தே பொருத்தப்படும்.

செய்முறைக்கு ஆதார நூல்கள் இரண்டே. இரண்டும் தையல் நூல். ஓரத் தந்திகள் ஓடும் வழியில் நட்டிலிருந்து குதிரைவரை இழுத்துக் கட்டி, விரற்பலகையின் இரு விளிம்பிலும் ஒரே அளவு இடம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். உடற்பலகையின் நடுக்கோட்டை நம்பியவர்களின் தந்தி ஒரு பக்கம் நழுவிப் போயிருக்கிறது. பிறகு மெல்லிய தந்தியின் சேணத்தைக் கிட்டத்தட்ட முழுக்க முன்னே தள்ளி, 648இல் வைத்துக் குறிக்க வேண்டும். பின்னே நகர இடம் மிச்சம் இருக்கும்.

மறந்து ஒரு செ.மீ. முன்னே துளைத்துவிட்டால், 12ஆம் மெட்டில் அரைச்சுரத்தின் கால்பங்குக்கும் மேல் சுருதி ஏறிவிடும். சேணம் அவ்வளவு தூரம் பின்னே போகாது. அப்போது பல்குத்தும் குச்சியையும் மரப்பசையையும் துளைக்குள் திணித்து, காய்ந்ததும் ஒட்ட அறுத்து, மறுபடி அளப்பார்கள். குதிரையின் தகடு பழைய துளைகளை மூடிக்கொள்வதால், இத்துறையில் முதல் முயற்சி பற்றிய சான்றுகள் ஆய்வாளர் கைக்குக் கிடைப்பதேயில்லை.